அசஹேலின் மாடுகள் ஏன் நகரவில்லை

1

அசஹேல் டில்லின் மாடுகள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கன்றுகளாக இருந்தபோதே அவன் வாங்கி, அவனே பழக்கிய ஜோடி. ஏப்ரலில் ஊர்ப்படையோடு பாஸ்டனுக்குப் போனவன் பிப்ரவரியில் வீடு திரும்பினான். மறுநாள் காலையில் நுகத்தடியை எடுத்து அவற்றின் கழுத்தில் வைத்தான். சாதுவாகத் தலையைக் கொடுத்தன. சறுக்குவண்டியில் பூட்டினான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. "நட" என்றான். நின்றன. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். நின்றன. குச்சியால் தட்டினான். ஒரு மாடு தோலைச் சிலிர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நோய் இல்லை, குளம்பில் புண் இல்லை, தீனியில் குறை இல்லை. அவன் இல்லாத மாதங்களில் அவன் மனைவி மெஹிட்டபெல் இதே ஜோடியை வைத்துத்தான் வைக்கோலையும் விறகையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அவளுக்கு நடந்த மாடுகள் அவனுக்கு ஏன் நடக்கவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது இருக்கும் இந்த அமெரிக்க மலையூரில், என் வீட்டுக்கு மேலே, சாலை முடியும் இடத்தில், ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே ஒரு கருங்கல் பலகையில் ஒரு பெயரும் "ஊர்ப்படை" என்ற சொல்லும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் யாரோ அதன் அருகில் ஒரு சின்னக் கொடியை நட்டுவிட்டுப் போகிறார்கள். இது ஒன்று. போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மாட்டு ஜோடி தன் சொந்தக்காரருக்கே நகராமல் நின்றதைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றிருந்தவர் அதற்கான காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். இது இன்னொன்று. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒட்டவைத்தது நான். கல்லில் இருந்த பெயரும் அசஹேல் அல்ல.

2

ஆரம்ப வரியாக நான் முதலில் எழுதியவை:

"1776ஆம் ஆண்டின் கடுங்குளிரில், ஒரு புதிய தேசம் தன் முதல்" (விட்டுவிட்டேன். அமெரிக்கா என்ற தேசம் பிறந்தது ஜூலையில், பிப்ரவரியில் தேசம் என்று ஒன்று இல்லை. அசஹேலைப் பொறுத்தவரை அது விறகு இறக்காத பிப்ரவரி.)

"துப்பாக்கிகளின் ஓசையில் மலைகள் அதிர்ந்தபோது அவன்" (இதையும் விட்டுவிட்டேன். பாஸ்டனுக்குள் இருந்த ராஜாவின் படையை வெளியே சூழ்ந்துகொண்ட முற்றுகை அது, முற்றுகை என்றால் காத்திருப்பது. அந்தப் பத்து மாதத்தில் அவன் கையில் அதிகம் இருந்தது மண்வெட்டிதான். அகழி வெட்டினான், கழிப்பறைக் குழி வெட்டினான், குடிசைகளுக்குப் புகைபோக்கி கட்டினான்.)

"போகும்போது இரண்டு பேராகப் போனார்கள், திரும்பும்போது"

இந்த மூன்றாவது உண்மை. ஆனாலும் இதில் தொடங்கினால் நீங்கள் ஒரு சாவுக்காகக் காத்திருப்பீர்கள். அந்தச் சாவோ கதை தொடங்குமுன்பே நடந்து முடிந்துவிட்டது. ஜோயல், அசஹேலின் தம்பி. ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே போர்வையில் தூங்கியவர்கள். ஆகஸ்டில் முகாமில் பரவிய வயிற்றுப்போக்கில் ஜோயல் செத்துப்போனான். செய்தி அப்போதே ஊருக்கு வந்துவிட்டது. எப்படிச் செத்தான் என்பதை அசஹேல் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்டால் அவன் உடைந்துவிடுவான் என்று வீட்டில் நினைத்தார்கள். கேட்கக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லையே என்று அவன் நினைத்தான்.

3

இனி மாடு ஓட்டுவதைப் பற்றி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

நம்மூர் வண்டிக்காரர் வண்டியில் உட்கார்ந்து மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்திருப்பார். இந்த மலைப்பக்கத்தில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. கயிறே கிடையாது. ஓட்டுபவர் மாடுகளோடு சேர்ந்து நடக்கிறார், கையில் ஒரு மெல்லிய குச்சி. மாடு கீழ்ப்படிவது கயிற்றுக்கு அல்ல, ஆள் எங்கே நிற்கிறார் என்பதற்கு. மாட்டின் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் தோளுக்குப் பின்னால் நிற்பவரையும் அது பார்க்கும். ஆள் அதன் தோளுக்குச் சற்றுப் பின்னால் தங்கினால் நடக்கும். கண்ணுக்கு முன்னால் வந்தால் நிற்கும். "நட", "நில்லு" என்ற சொற்கள் அதற்கு மேல் போடும் உப்புதான்.

ஓட்டுபவர் எப்போதும் ஜோடிக்கு இடப்பக்கம் நடப்பார். இங்கே யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை, யாரும் இதைப் பற்றி யோசிப்பதுமில்லை. இடக்கால் செருப்பை வலக்காலில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல.

[இந்தப் பத்திக்குப் பின் ஒரு பத்தி இருந்தது. நுகத்தடியைத் தாம்பத்தியத்தோடு ஒப்பிட்டிருந்தேன். படித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. நுகத்தடி ஒரு மரக்கட்டை. அது மரக்கட்டையாகவே இருக்கட்டும்.]

அசஹேலின் இடத்து மாடு டியூக். உயரம் அதிகம், கொம்பு நீளம், ஈ உட்கார்ந்தால்கூடத் தலையை வீசும். வலத்து மாடு ஸ்டார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, சாந்தமான பிராணி. வழக்கம்போல அசஹேல் டியூக்கின் பக்கம் நின்றான். வழக்கம்போல அதன் தோளுக்குப் பின்னால் நின்றான். எல்லாம் சரியாகவே செய்தான். ஒரு வாரமாகச் செய்தான்.

4

ஊர்ப்படையின் கேப்டன் சைலஸ் ஹோவ் பீப்பாய் செய்பவர். ஊரார் கைதூக்கித் தேர்ந்தெடுத்த கேப்டன் என்பதால் யாரும் அவருக்குப் பெரிதாகப் பயப்படுவதில்லை. வியாழக்கிழமை அவர் வந்தபோது அசஹேல் வாசலில், நகராத மாடுகளோடு நின்றிருந்தான். கேப்டன் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார்.

"என்னப்பா அசஹேல், உன் மாடு ராஜா கட்சிக்கு மாறிடுச்சா?"

"குளிரு, கேப்டன். அதான்."

"குளிரா? நீ இல்லாதப்ப ஹிட்டி இதுங்கள வெச்சுப் பாதிக் காட்டையே கீழ எறக்கிட்டான்னு ஊரே பேசுது. அப்பல்லாம் வெயிலடிச்சுதா?"

அசஹேல் குனிந்து நுகத்தடியைச் சரிசெய்தான். கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"பாஸ்டன்ல மாட்டு ஜோடி வேணுமாம். நெறைய வேணுமாம். எதுக்குன்னு எனக்கே சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆளும் மாடுமா வந்தா ரொம்ப நல்லது. இல்லாட்டி ஆள் மட்டும். கட்டாயமில்லப்பா, இப்பதான் வந்திருக்க. ஞாயித்துக்கெழம பிரசங்கம் முடிஞ்சதும் ஒரு வார்த்த சொல்லு."

"யோசிக்கிறேன்."

"யோசி. ஒண்ணு சொல்லட்டுமா? வந்ததுலருந்து உன்னப் பாக்குறேன். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவன் மாதிரியே நிக்கிற."

கதவு திறந்தது. மெஹிட்டபெல். ஊரில் எல்லோருக்கும் அவள் ஹிட்டி. குழந்தை லோயிஸ் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா போனபோது தவழக்கூடத் தெரியாத குழந்தை. இப்போது நடக்கிறது, அவன் தூக்க வந்தால் எதிர்ப்பக்கமாக நடக்கிறது.

"உள்ள வாங்க கேப்டன், ஆப்பிள் சைடர் சூடா இருக்கு," என்றாள். அவர் காலை எடுத்துவைத்ததும் அதே குரலில் தொடர்ந்தாள். "போன தடவையும் இங்கதான் ஒக்காந்து குடிச்சீங்க. ரெண்டு பேர அனுப்பிவெச்சோம்."

கேப்டன் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஹிட்டி மாடுகளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அசஹேலுக்கு முன்னால் இப்போது இருப்பது இதுதான், வேறொன்றுமில்லை: ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் சொல்லவேண்டும். முகாமில் அவனுக்கு ஒரு மண்வெட்டியாவது இருந்தது. "டில், இங்கே வா" என்று யாராவது கூப்பிட்டார்கள். இந்த வீட்டில் விறகு அவனில்லாமலே வந்திருந்தது, குழந்தை அவனில்லாமலே வளர்ந்திருந்தது, மாடுகளுக்கும் அவன் வேண்டாம். இந்த முறை போனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது என்று நினைத்தான்.

5

ஹிட்டியை நான் நம்பவில்லை. அவளை எழுதும்போதெல்லாம் பேனா நின்றது.

அவளுக்கு மாடு ஓட்டத் தெரியும். கணவன் ஒரு வாரமாகத் திண்டாடுகிறான். ஏன் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை? முதல் பிரதியில் அவளுக்குக் கோபம் என்று எழுதினேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்தவன்மேல் கோபம். நன்றாகத்தான் வந்தது, ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இரண்டாவது பிரதியில் அவளுக்கு ஓட்டுவதில் ஒரு பெருமை, அதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்று எழுதினேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அது ஒரு நாளைக்குத்தான் தாங்கும்.

பிறகு முதல் நாள் காலைக்குத் திரும்பிப் போனேன். அன்று அவள் வழக்கம்போலச் சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினாள். அவன் குறுக்கே வந்து, "நீ உள்ள போ, இனிமே நான் பாத்துக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். இத்தனை மாதம் அவள் தனியாகப் பட்டது போதும் என்றுதான் நினைத்தான். அவள் காதில் அது எப்படி விழுந்தது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

[ஒரு சின்னச் சிக்கல். இந்த ஊர் மொழியில் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே சொல்தான். தமிழில் எழுதும்போது ஹிட்டி கணவனை "நீ" என்பாளா, "நீங்க" என்பாளா என்று நான் முடிவுசெய்தாக வேண்டும். நாலு பேர் முன்னால் "நீங்க", தனியாக இருக்கும்போது "நீ" என்று வைத்திருந்தேன். அவன் திரும்பி வந்த பிறகு, தனியாக இருக்கும்போதும் அவள் "நீங்க" என்றே பேசுவதாக என் கை எழுதிக்கொண்டு போனது. நான் திருத்தவில்லை.]

6

சனிக்கிழமை காலை. மேட்டு விறகுக்காடு. ஜோயல் போன வருடம் வெட்டிப்போட்ட மரங்கள் அங்கே இன்னும் கிடந்தன. பனி இருக்கும்போதே அவற்றை இறக்கியாக வேண்டும். பனி உருகிச் சேறானால் சறுக்குவண்டி ஓடாது.

வெறும் வண்டியை அசஹேல் எப்படியோ மேலே கொண்டுவந்திருந்தான். ஸ்டாரின் கொம்பில் கயிறு கட்டி, தானே முன்னால் நடந்து இழுத்துவந்தான். ஏற்றத்தில் அது முடியும். சுமையோடு இறக்கத்தில் முடியாது. முன்னால் நடப்பவனின் கால் வழுக்கினால் மாடும் மரமும் அவன்மேல்தான் வரும். அதனால் மரங்களை ஏற்றிக் கட்டிவிட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டு, டியூக்கின் பக்கம் நின்று கத்தினான். தொண்டை கட்டும்வரை கத்தினான். பிறகு கத்தாமல் நின்றான். மூன்று பிராணிகளின் மூச்சு வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது.

ஹிட்டி அப்போது மறுபக்கத்துப் பாதை வழியாக வந்தாள். லோயிஸ் முதுகில், சால்வைக்குள், தூங்கிக்கொண்டு. கையில் துணி மூட்டை. சோள ரொட்டியும் உப்புக்கண்டமும். ஸ்டாரின் தோளுக்குப் பின்னால் நின்று, இரண்டு மாடுகளின் முதுகுக்கு மேலாக மூட்டையை நீட்டினாள்.

"இந்தாங்க."

அவன் எட்டி வாங்கினான். ஸ்டார் முன்னால் ஓர் அடி வைத்தது, கூடவே டியூக்கும். சறுக்குக்கட்டையைப் பிடித்திருந்த பனி சடக்கென்று விட்டது. வண்டி நகர்ந்தது. அசஹேல் காலை இழுத்துக்கொண்டான். "நில்லு" என்றான். மாடுகள் போய்க்கொண்டே இருந்தன. ஹிட்டி வேகமாக இரண்டு எட்டு முன்னால் போய் ஸ்டாரின் கண்ணுக்கு நேரே நின்றாள். நின்றுவிட்டன.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே. சோறு நீட்டினேன்."

"ஒரு வாரமா தொண்ட கிழியக் கத்துறேன். நீ வாயே தொறக்கல."

"கத்தினா இவ முழிச்சுக்குவா. அதான் கத்தாமயே பழக்கிட்டேன்."

"அந்தப் பக்கம் நின்னா?"

"வேற எந்தப் பக்கம் நிக்கிறது?"

"வலப்பக்கம் நின்னு யாராவது மாடு ஓட்டுவாங்களா, ஹிட்டி? கேட்டா சிரிப்பாங்க."

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"கெளம்புற அன்னிக்கு. துப்பாக்கிய மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னுட்டு. டியூக் தலைய வீசுறவன், புள்ளையத் தூக்கிட்டு அவன் பக்கம் போகாதன்னு. நான் போகல."

அசஹேல் அப்படிச் சொன்னதையே மறந்திருந்தான். யோசித்துப் பார்த்தபோது வாசலும் துப்பாக்கி வாரும் தோளில் அழுத்தியதும் நினைவுக்கு வந்தன. ஜோயல் வேலியருகே நின்று சீக்கிரம் வா என்று சீட்டியடித்ததும்.

"அதுக்கு, மாட்டுக்கிட்டயே போகாதன்னு அர்த்தம்."

"அப்ப வெறகு? தானா நடந்து வருமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

"ஏன் சொல்லல? கேப்டன் வந்த அன்னிக்கு நீயே பாத்தல்ல."

ஹிட்டி ஸ்டாரின் நெற்றிப் பொட்டில் படிந்த பனியைத் துடைத்தாள். "பாத்தேன். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவன் மாதிரின்னு அவர் சொன்னதும் கேட்டுச்சு. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. போற ஆளுக்கு மாடு எதுக்குன்னு விட்டுட்டேன்."

இங்கே நான் நிறுத்தி, சந்தையில் எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்லவேண்டும். ஜோடியில் ஆளுக்குப் பக்கத்தில் இருக்கும் மாடுதான் கேட்கும் மாடு. மற்றது அதைப் பார்த்துத் தொடரும் மாடு. ஹிட்டி பத்து மாதம் ஸ்டாரின் பக்கமே நடந்ததில் இது தலைகீழாகிவிட்டது. இப்போது டியூக் ஸ்டாருக்காகக் காத்திருக்கிறது. ஸ்டார் தன் பக்கத்தில் ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறது. அசஹேலோ டியூக்கின் உடம்புக்கு மறைவில், ஸ்டாரின் கண்ணுக்கே தெரியாத இடத்தில் நின்று கத்துகிறான். எதுவும் பிடிவாதம் பிடிக்கவில்லை. எல்லாம் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டிருந்தன.

[நுகத்தடிப் பத்தியைத் திரும்பவும் இங்கே நுழைக்கப் பார்த்தேன். வேண்டாம்.]

இருவரும் இன்னும் மாடுகளுக்கு இரண்டு பக்கத்தில்தான் இருந்தார்கள். பிறகு ஹிட்டி கேட்டாள்.

"ஜோயலுக்குப் பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"பேசினானா?"

"தண்ணி கேட்டான். குடுத்தேன். குடிச்சது தங்கல." அவன் மூட்டையைக் கையில் மாற்றிக்கொண்டான். "அப்புறம் டியூக்கோட லாடத்தப் பத்திப் பேசினான். பனி விழறதுக்கு முன்னால மாத்தணும், அண்ணி மறந்துடுவாங்க, நீ சொல்லியனுப்புன்னான். ஆகஸ்ட் மாசம், வெயிலு கொளுத்துது. நான் யார்கிட்டச் சொல்லியனுப்புறது?"

"மறக்கல," என்றாள் ஹிட்டி. "நவம்பர்லயே மாத்திட்டேன்."

அவன் தலையாட்டினான். இன்னொரு முறை தலையாட்டினான்.

7

இதற்குப் பிறகு, "அசஹேல் குலுங்கிக் குலுங்கி அழுதான், அவள் சுற்றிக்கொண்டு ஓடிவந்து" என்று எழுதி அடித்துவிட்டேன். முதுகில் குழந்தையோடு அவள் டியூக்கின் பக்கம் வரமாட்டாள். யாராவது சுற்றிக்கொண்டு போகவேண்டுமென்றால் அது அவன்தான். வண்டியின் பின்புறமாக, முழங்கால் பனியில், அவன் சுற்றிக்கொண்டு போனான். அதுவரை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து கேப்டனிடம் அவன் என்ன சொன்னான் என்பதற்கு மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் மாடுகளோடு போகிறான். பாஸ்டன் சாலையில் நீளமாக நிற்கும் ஓட்டுநர்களில் அவன் ஒருவன் மட்டும் தவறான பக்கம் நடக்கிறான், எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், அவன் காரணம் சொல்வதில்லை. இன்னொன்றில் போகவில்லை. ஜோயலின் மரங்களை ஏப்ரல்வரை இறக்குகிறான், அவை எரியும் அடுப்பின் முன்னால் லோயிஸ் ஒருநாள் அவன் மடியில் தூங்கிவிடுகிறாள், அவன் கால் மரத்துப்போகும்வரை அசையவில்லை. மூன்றாவதில் கேப்டன் "அப்ப ஹிட்டிய அனுப்பு" என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இடுகாட்டுக் கல் எனக்கு உதவவில்லை. ஊர்ப்படை என்று ஒருமுறை போனவருக்கும் எழுதுவார்கள், இரண்டுமுறை போனவருக்கும் எழுதுவார்கள். அவன் போனானா இல்லையா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது போய்விட்டுத் திரும்பி வந்திருக்கக்கூடும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மாட்டு விஷயத்தை மட்டும் உங்களிடம் விடமுடியாது, அதற்கு ஒரே பதில்தான். ஜோடிக்கு வலப்பக்கம் நிற்கவேண்டும், ஸ்டாரின் தோளுக்கு ஓரடி பின்னால். குச்சி இடக்கையில். கத்த வேண்டியதில்லை. ஸ்டார் உங்களைப் பார்த்ததும் நடக்கும், டியூக் கூடவே வரும்.